கம்பியின் மேல் போட்ட பழி

மே மாதம், மதியம் இரண்டு மணி. ஆர்.கே.பேட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த வேடியப்பனின் நிலத்தில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே, கம்பி மிகவும் இறங்கியிருப்பது பத்மஜாவுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக உயர் அழுத்த மின்கம்பிகளை அண்ணாந்து பார்த்தே பழகிய கண். இருந்தாலும் கருவியைத் தரையில் வைத்து முறைப்படி அளந்தாள். ஐந்து மீட்டரும் நாற்பது சென்டிமீட்டரும் காட்டியது. விதிப்படி ஆறு மீட்டருக்கும் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும்.

இரண்டு கோபுரங்களுக்கும் நட்டநடுவே, கம்பி மிகவும் தாழ்ந்து தொங்கிய இடத்துக்கு நேர் கீழே ஒரு கிணறு. அதை ஒட்டி மாட்டுக் கொட்டகை. வேடியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அறுபது வயதிருக்கும்.

"காலைல வந்து பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா. மதியானம் ஆவ ஆவ எறங்கிகினே வருது. வைக்கோல் ஏத்தவே பயமா கீது. ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்தேன். உங்க ஆளுங்க காலைல வந்து பாத்துட்டு, நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்ட்டுப் போய்ட்டாங்க."

பத்மஜா அங்கேயே நின்று துணை மின்நிலையத்துக்குப் போன் செய்து, அந்த லைனில் போகும் மின்சாரத்தைக் குறைக்கச் சொன்னாள். அன்று முதல் பள்ளிப்பட்டுப் பக்கத்து விசைத்தறிகள் மதியம் மூன்று மணி நேரம் முறை வைத்து நின்றன. தறிக்காரர்கள் அவளுடைய எண்ணைத் தேடிப் பிடித்து, வேளைக்கு நாலு பேராகத் திட்டினார்கள்.

லைன் போட்டபோது இத்தனை தறி இல்லை, இத்தனை மோட்டார் இல்லை. தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும். சூடானால் நீளும். நீண்டால் தொங்கும். கம்பியை மாற்றித்தான் ஆக வேண்டும். எந்தக் கம்பியைப் போடுவது என்று எழுதிக் கொடுப்பது, லைன் பிரிவின் உதவி செயற்பொறியாளரான அவள் பொறுப்பு.

அலுவலகத்தில் உட்கார்ந்து முடிக்க முடியாததை வீட்டுக்கு எடுத்துப்போனாள். திருத்தணியில் மலையடிவாரத் தெருவில் மூன்று அறை கொண்ட வீடு. அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்தவர், அவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. பத்மஜா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா ஞானாம்பாள் எட்டு மாதத்துக்கு முன் இறந்ததிலிருந்து வீட்டில் அவள் ஒருத்திதான். வேலைவிட்டு வந்ததும் முன்னறை, பின்னறை என்று எல்லா விளக்கையும் போட்டுவிடுவாள். ஒரு கரண்டி ரசமும் அப்பளமும் போதும். சாதம் மட்டும் இன்னும் இரண்டு பேருக்கு வடித்துக்கொண்டிருந்தாள். அளவு கைக்குப் பழகிப்போயிருந்தது.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துக் கணக்குப் போட்டாள். செம்பு நன்றாகக் கடத்தும், ஆனால் கனம், விலை, திருட்டு. அதை இவ்வளவு உயரத்தில் யாரும் கட்டுவதில்லை. இப்போது தொங்குவது வழக்கமான வகை: நடுவில் எஃகு, சுற்றிலும் அலுமினியம். அதையே தடிமனாகப் போடலாம். ஆனால் நாற்பது வருடத்துக் கோபுரங்கள் அந்தக் கனத்தைத் தாங்காது. அலுமினியத்தோடு வேறு உலோகம் கலந்த கம்பி இலேசானது, துருவும் பிடிக்காது. ஆனால் இவ்வளவு சூட்டில் அதுவும் தொங்கும். நடுவில் ஒரு கோபுரம் எழுப்பித் தூக்கிப் பிடிக்க வேண்டும். நடு என்றால் வேடியப்பனின் கிணறு.

இன்னொரு வகை இருந்தது. நடுவில் எஃகுக்குப் பதிலாக, கார்பன் ஃபைபர் என்கிற கரி இழைத் தண்டு, அதன் மேல் அலுமினியம். அதே தடிமனில் இரண்டு மடங்கு மின்சாரம் போகும். எவ்வளவு சூடானாலும் அதிகம் தொங்காது. பழைய கோபுரங்களே போதும். விலை கூடத்தான். ஆனால் கிணற்றைத் தொட வேண்டாம், கோபுரம் எழுப்ப வேண்டாம், தறிகளை நிறுத்த வேண்டாம்.

அதன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தாள். பதினொரு வருடமாக அந்தப் பெயரை அவள் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்பு தெற்கே வேறொரு மாவட்டத்தில், அவளே கேட்டு வாங்கி அந்தக் கம்பியைப் போட்டாள். வாரியத்தில் அப்போது அது புதுசு. அந்தக் கம்பிக்கு ஒரே ஒரு பலவீனம். இறுக்கி வளைத்தால் உள்ளே இருக்கும் கரித்தண்டு விரிசல் விட்டுவிடும்; வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் கோபுரத்தின் மேல் ஏற்றி இழுக்கும்போது பெரிய கப்பிகளைத்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் பொறியாளர் பக்கத்தில் நின்று பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

கம்பி இழுக்கத் தொடங்கும் வேளையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாகப் போன் வந்தது. பத்மஜா யாரிடமும் முறையாக விடுப்புச் சொல்லாமல் பஸ் ஏறினாள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. திரும்பிப் போனபோது நாலு கிலோமீட்டர் கம்பி இழுத்து முடித்திருந்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் பதிவேட்டை நீட்டினான். விட்டுப்போன மூன்று நாளுக்கும் அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஏழு மாதம் கழித்து அந்த நாலு கிலோமீட்டருக்குள் ஒரு வளைவில் கம்பி அறுந்து விழுந்தது. கீழே லைனைப் பார்வையிட்டு நடந்துகொண்டிருந்த லைன்மேன் கண்ணையனின் இடது காலை அது அடித்து நொறுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்றே பத்மஜா பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துப் பார்த்தாள். பெரிய கப்பிகள் வந்து இறங்கிய தேதி, அவள் ஊரிலிருந்து திரும்பிய அன்று காலை. அந்த மூன்று நாளும் சின்னக் கப்பியில் இழுத்திருக்கிறார்கள். விசாரணைக் குழு, "நீங்கள் அங்கே இருந்தீர்களா?" என்று கேட்டது. "இருந்தேன். எல்லாம் முறைப்படிதான் நடந்தது" என்றாள். அப்படியானால் கம்பிதான் சரியில்லை என்று குழு எழுதிவிட்டது. அந்த வகைக் கம்பியை அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் யாரும் வாங்கவில்லை.

அம்மாவிடமும் அவள் சொல்லவில்லை. தான் விழுந்ததால்தான் ஒருவன் கால் போயிற்று என்று அம்மா உருகிப்போவாள். இப்போது அந்தப் பயம் இல்லை. சொல்வதற்கு வீட்டில் ஆளும் இல்லை.

*

செயற்பொறியாளர் சூர்யபிரகாஷ் அவளைவிட ஒன்பது வயது சிறியவர். கெட்டவர் இல்லை. அவளுடைய தாளை இரண்டு முறை படித்தார்.

"மேடம், நடுவுல ஒரு டவர் போட்டுட்டா வேலை முடிஞ்சிது. அந்தக் கரிக்கம்பி எதுக்கு? அது அறுந்துதானே ஒருத்தர் கால் போச்சு? நீங்களே அந்த சைட்ல இருந்தீங்க இல்ல?"

"இருந்தேன்" என்றாள் பத்மஜா.

அந்தச் சொல் இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவள் நினைக்கவில்லை. பதினொரு வருடம் ஆகியும் துளி பிசகாமல் வந்தது.

"அப்புறம் என்னங்க? டவருக்கே எழுதிடுங்க. மேலே குழுவுக்கு இதை அனுப்பினா என்னையும் சேத்துதான் கேப்பாங்க."

டவருக்கே எழுதினாள். அந்த வாரக் கடைசியில் இடம் குறிக்க வேடியப்பனின் நிலத்துக்குப் போனாள். சண்டை வரும் என்று நினைத்துத் துணைக்கு இரண்டு பேரைக் கூட்டிப்போயிருந்தாள். அங்கே போய்ப் பார்த்தால், அவர் கொட்டகையின் மேல்கூரையைத் தானே பிரித்துக் கீற்றுகளை அடுக்கி வைத்திருந்தார். மாடுகள் இரண்டும் புளியமரத்தடிக்கு மாறியிருந்தன.

"லைன் போட்டப்புறம்தாம்மா நான் கொட்டாய் கட்னேன். தப்பு என் பேர்லதான். கெணத்த மூடணும்னா மூடிக்கலாம். மேக்கால ஒரு போர் போட்டுப் பாக்கறேன், தண்ணி கெடச்சா என் அதிர்ஷ்டம்."

"உங்க தப்பு ஒண்ணும் இல்லீங்க. கம்பி இந்த அளவுக்கு இறங்கியிருக்கக் கூடாது."

"ஆங், எதுவோ ஒண்ணு."

ஒப்புதல் தாளை நீட்டினாள். அவர் வாங்கி, ஜீப்பின் மேல் வைத்து, அவளுடைய பேனாவைக் கேட்டார்.

"படிச்சிப் பாருங்க" என்றாள். "கிணறு போகுதுன்னு எழுதியிருக்கு. வேற வழி எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கு."

"நீங்க எல்லாம் பாத்துட்டுதானே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்துகீறீங்க? அப்புறம் நான் இன்னாத்தப் படிக்கறது?" என்று சொல்லி, தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

வேற வழி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது அவள் கை. வேறு வழி இருந்தது. திரும்பும் வழியெல்லாம் அந்தத் தாள் அவள் மடியில் கிடந்தது. கூட வந்தவர்கள் என்னவோ பேசிச் சிரித்தார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை. அலுவலகத்தில் அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.

*

உண்மையை மேலிடத்துக்கு எழுதுவதற்கு முன் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். மறுநாள் மதியம் அரக்கோணத்துக்கு ரயில் ஏறினாள்.

கால் போன பிறகு சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வாங்கி வந்த கண்ணையன் இப்போது அங்கே ஸ்டேஷனை ஒட்டிய ஒரு பிரிவு அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறார். செயற்கைக் கால். பத்மஜா எப்போது போனாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். "உக்காருங்க" என்று சொன்னால் கேட்க மாட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளும் தினமும் வந்து பார்த்த மேடம் என்று எல்லோரிடமும் சொல்லுவார். "அம்மா எப்டி கீறாங்க?" என்று தவறாமல் விசாரிப்பார். அம்மா இறந்த அன்று முதல் ரயிலில் வந்து, அந்தக் காலோடு சுடுகாடு வரை நடந்தார்.

அன்றும் எழுந்து நின்றார். சாப்பாட்டு நேரம், அறையில் வேறு யாரும் இல்லை.

"உக்காருங்க கண்ணையன். நான் சொல்றதைக் கேட்டுட்டு எழுந்திருக்கறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பஸ் ஏறியது, மூன்று நாள், பதிவேடு, கப்பிகள் வந்த தேதி, விசாரணையில் சொன்ன பொய். பாதியிலேயே அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார்.

"சின்னக் கப்பின்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீங்க விழுந்த அன்னிக்கே."

"ஆஸ்பத்திரிக்கு வரப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அந்த மூணு நாளும் நீங்க அங்க இருந்திருந்தா?"

"நிறுத்தியிருப்பேன். பெரிய கப்பி வர வரைக்கும் இழுக்க விட்டிருக்க மாட்டேன்."

வெளியே பிளாட்பாரத்தில் அறிவிப்பு கேட்டது.

"என் சம்சாரம் உங்களுக்காகக் கோயில்ல விளக்குப் போடும் மேடம். உங்க பேருக்கு." அவர் குரல் உயரவே இல்லை. "நான் இன்னான்னு போய்ச் சொல்றது அதுகிட்ட?"

மன்னிப்பு என்ற வார்த்தையைப் பத்மஜா ரயிலில் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்பது இன்னொரு முறை அவரிடமிருந்து எதையோ பிடுங்குவது போலிருந்தது. எழுந்தாள். கண்ணையன் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். அவள் வாசலைத் தாண்டும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

*

மறுநாள் விடியற்காலையில் கடிதத்தை எழுதினாள். மலையில் முதல் மணி அடிக்கும்போது பாதிப் பக்கம் வந்திருந்தாள். கப்பிகள் வந்த தேதிச் சீட்டின் நகலை இணைத்தாள். பதினொரு வருடமாக அதைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தது ஏன் என்று அவளுக்கே தெரியாது. கம்பியின் மேல் எந்தக் குறையும் இல்லை, வளைத்தது தவறு, அதைப் பார்க்காமல் பார்த்ததாக எழுதியது நான் என்று முடித்தாள்.

சூர்யபிரகாஷ் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேர் இருக்கு மேடம். இன்னும் ரெண்டு மாசம். இப்போ போய் எதுக்குங்க இது? யார் கேட்டா?"

"நீங்க கேட்டீங்க. அங்கே இருந்தீங்களான்னு."

அவர் கடிதத்தைக் கோப்பில் வைத்து மேலே அனுப்பினார்.

பதில் வந்தது ஆடிக் கிருத்திகை வாரத்தில். தெரு முழுக்கக் காவடிகள். மஞ்சள் துணியும் பூவும் பம்பைச் சத்தமுமாக அவள் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. வெளியூர்க்காரர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். குடம் குடமாகக் கொடுத்தாள். அவர்கள் குடித்துவிட்டுக் கூட்டத்தோடு மேலே போனார்கள். நடுவில் தபால்காரர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தார். அவள் மேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லை. நடையிலேயே நின்று படித்தாள். இன்னொருவர் தண்ணீர் கேட்டார். போய் எடுத்துக் கொடுத்தாள்.

கம்பியைப் பற்றிய முடிவு தனியாக வந்தது. குழு பழைய கோப்பைத் தோண்டி எடுத்து, அறுந்த துண்டை மறுபடி சோதித்து, குறை கம்பியில் இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஆர்.கே.பேட்டை லைனுக்குக் கரி இழைக் கம்பியே போடலாம். கோபுரம் வேண்டாம்.

செய்தியைச் சொல்லப் போனபோது வேடியப்பன் மழை வருவதற்குள் என்று கொட்டகைக்குத் திரும்பக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தார். "அப்போ கெணறு இருக்குதா?" என்று கேட்டார். "இருக்கு. ஆனா கொட்டகையைக் கம்பிக்கு நேர் கீழ போடாதீங்க. பத்தடி தள்ளிப் போடுங்க" என்றாள். அவர் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் பையிலிருந்து அவருடைய ஒப்புதல் தாளை எடுத்துத் திருப்பிக் கொடுத்ததும், கிழித்து மாட்டுத் தொட்டியருகே போட்டுவிட்டு, வேய்ந்த கீற்றைப் பிரிக்க ஏணியில் ஏறினார்.

அலுவலகத்தில் யாரும் அவளைக் குத்திக்காட்டவில்லை. தேநீர் வந்தால் அவளுடைய குவளையை மேசைக்கே அனுப்பிவிடுவார்கள். சேர்ந்து குடிக்கக் கூப்பிடுவது மட்டும் நின்றுபோயிற்று. அவள் உள்ளே வந்தால் பேச்சு மாறும். இளம் பொறியாளர்கள் கோப்புகளை அவளிடம் நீட்டும்போது அவள் படிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்கள். இருந்தாலும், அந்தக் கம்பியை இழுக்கத் தெரிந்த ஆள் அந்த வட்டத்தில் அவள் ஒருத்திதான். விசாரணை ஒரு பக்கம் நடக்க, மேற்பார்வையை அவளிடமே கொடுத்தார்கள். கூடவே இன்னொரு பொறியாளரும் தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. அது நியாயம் என்றே அவளுக்குத் தோன்றியது.

மாசியில் வேலை தொடங்கியது. பத்தொன்பது நாள். ஒவ்வொரு நாளும் ஆட்களுக்கு முன்னால் போய், கடைசி ஆள் போன பிறகு திரும்பினாள். எந்தக் கப்பி எந்தக் கோபுரத்தில் என்று எழுதிவைத்தாள். ஓர் இடத்தில் கம்பி தரையில் மடங்கிக் கிடந்தது என்று சந்தேகம் வந்ததும் அந்தத் துண்டையே வெட்டி எறியச் சொன்னாள். ஒப்பந்தக்காரரின் ஆள் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தான்.

பதினேழாம் நாள் பிற்பகல், சாலையில் டவுன் பஸ் நின்று ஒருவர் இறங்குவது தெரிந்தது. வரப்பின் மேல் மெதுவாக, ஒரு காலை வைத்து மறுகாலை இழுத்து நடந்து வந்தார். கண்ணையன். அரக்கோணத்தில் அன்று பார்த்ததற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அவள் எதிரே போகலாமா என்று யோசித்தாள். போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவர் வணக்கம் சொல்லவில்லை. வெட்டிப் போட்டிருந்த கம்பித் துண்டு ஒன்றைக் குனிந்து எடுக்கப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை. பத்மஜா எடுத்துக் கொடுத்தாள். இரண்டு முழ நீளம். வெட்டிய முனையைத் திருப்பிப் பார்த்தார்; வெள்ளை அலுமினியத்துக்கு நடுவே பென்சில் தடிமனுக்குக் கறுப்பாகத் தெரிந்தது.

"இதுதான் உள்ள இருக்கறதா?"

"ஆமா."

"இரும்பவிட பலமா?"

"இழுத்தா பலம். ரொம்ப வளைச்சா உள்ளே விரிசல் விட்டுடும்."

"எவ்ளோ வளைக்கலாம்?"

கோபுரத்தடியில் ஏற்றுவதற்குத் தயாராக இருந்த பெரிய கப்பியைக் காட்டினாள். வண்டிச் சக்கரம் போல இருந்தது. அவர் போய் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். சுற்றிவிட்டுப் பார்த்தார்.

"அங்க போட்டது?"

பத்மஜா இரண்டு கைகளையும் தூக்கி அளவு காட்டினாள். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. அவர் அந்தக் கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கை வலித்தது. அவர் பார்த்து முடிக்கும் வரை இறக்கவில்லை.

"சரி" என்றார். கம்பித் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இத எடுத்துகினு போறேன்."

"எடுத்துக்கோங்க. ஜீப்புல ஸ்டேஷன் வரைக்கும் விடச் சொல்லட்டுமா?"

"வேணாம் மேடம். நாலரைக்கு பஸ் கீது."

வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தார். வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே அவர் சட்டை சிறிதாகிக்கொண்டே போனது. சாலையை அடைய வெகுநேரம் பிடித்தது. அங்கே நிழல் இல்லாத இடத்தில், கம்பித் துண்டைக் கைத்தடி போல ஊன்றி நின்றார். பஸ் வந்து மறைத்தது. நகர்ந்தபோது சாலை காலியாக இருந்தது.

"மேடம், ஏத்தலாமா?" என்று கோபுரத்தின் மேலிருந்து குரல் வந்தது.

"இருங்க" என்று சொல்லி, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கப்பியிடம் போனாள் பத்மஜா.